அடையாற்றுத் தோட்டத்தில் ஒரு மேடை

1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பம்பாய் நகரை விட்டு ஒரு சிறு கூட்டம் சென்னைக்குப் புறப்பட்டது. அதன் தலைவர்கள் இருவர்: ஒருவர் கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர், மற்றவர் பிளாவட்ஸ்கி அம்மையார் என்னும் ருஷ்ய மாது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சங்கத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்யும் நோக்கத்துடன் 1879-இல் பம்பாயில் வந்திறங்கியவர்கள் அவர்கள். முதலில் கிர்காமிலும், பின்னர் பிரீச் காண்டியில் ‘காக்கைக் கூடு’ என்று பெயர் கொண்டிருந்த ஒரு பங்களாவிலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் குடியிருந்தார்கள். அவர்கள் போனதனால் பம்பாய் பெற்றதும் இழந்ததும் இன்றைய பேச்சுக்கு உரியனவல்ல. அவர்கள் சென்னையில் வாங்கிய தோட்டம், ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, தமிழரின் ஆடற்கலைக்கு ஒரு திறந்தவெளி மேடையாக அமைந்தது. அவ்வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டோம். அது மாட்டுங்காவிலும் தாராவியிலும் வந்து தொடும் வரலாறு என்பதைப் போகப் போகக் காணலாம்.

முதலில் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலேய வர்த்தகர்களும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் நெடுங்காலம் ஜார்ஜ் கோட்டைக்கு உள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். வெளியே வந்து வீடு கட்ட ஆசை இருந்தாலும் அச்சமும் இருந்தது. 1769-லும் 1780-லும் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம்வரை வந்து சென்றதைக் கண்டவர்கள் அவர்கள். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர் அவ்வச்சம் நீங்கிற்று. அடையாற்றின் இரு கரைகளிலும், அதற்கு வடக்கே பரந்து கிடந்த வெளியிலும், வெள்ளைச் சுண்ணாம்பு பளிங்குபோல் மின்ன, தூண் நிரைகளும் அகன்ற தாழ்வாரங்களுமாக மாளிகைகள் எழுந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு தோப்பு. ஊரார் அவற்றைத் ‘தோட்டம்’ என்றே அழைத்தார்கள். இன்னார் தோட்டம் என்றால் வீடும் அதில் அடக்கம்.

இவ்விடத்தில் எம் தொழிலைச் சார்ந்த ஒரு குறையைச் சொல்லிவிடுகிறோம். அரசாங்க மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கு ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் போல் இடர்தரும் சொல் வேறொன்றில்லை. ‘கிராமப்புற மாளிகை’ என்று எழுதினால் பொருள் தவறுகிறது. ‘பண்ணை வீடு’ என்றாலோ மாட்டுத் தொழுவம் நினைவுக்கு வருகிறது. சென்னைவாசிகள் எவரையும் கேளாமல் வழங்கிய ‘தோட்டம்’ என்ற சொல்லே எல்லாவற்றினும் பொருத்தமாகப் படுகிறது. ‘ஆப்பரா’ என்பதற்கும் இதே கதிதான். அதற்கு நாம் எழுதாத பெயரில்லை: இசை நாடகம், கீத நாடகம், நாட்டிய நாடகம். ஆயினும் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையையும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையையும் பெற்றிருக்கும் மொழிக்கு, கதையைப் பாட்டாகவே நடத்துவது புதிய செய்தியன்று.

பிரம்மஞான சங்கத்தார் வாங்கியது ஹடில்ஸ்டன் தோட்டம் என்பது. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. ஆற்றோரமாக 27 ஏக்கர் நிலம். அதில் ஒரு பெரிய மாளிகையும், சிறிய பங்களாக்களும், குதிரை லாயமும், மாந்தோப்பும், சவுக்குத் தோப்பும். இத்தனைக்கும் விலை சுமார் 9,000 ரூபாய்தான். அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் ரயில். நீலகிரியின் அடிவாரம்வரை இருப்புப்பாதை போட்டபின், பெரிய துரைமார்கள் ஆண்டில் பாதியை உதகமண்டலத்தில் கழிக்கத் தலைப்பட்டார்கள். சென்னையிலிருந்த அவர்களுடைய மாளிகைகள் கேட்பாரற்றுப் போயின. மலைக்குப் போன ரயில் ஆற்றங்கரைத் தோட்டத்தை மலிவாக்கிற்று. மலிவான தோட்டம் பின்னர் ஒரு கலைக்கு இடந்தந்தது. வரலாற்றில் காரணகாரியத் தொடர்ச்சி இவ்வாறுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

தோட்ட வீடுகளுக்கும் சங்கீதத்துக்கும் அதற்கு முன்பே உறவு உண்டு. சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில், கம்பெனியின் துபாஷாக விளங்கிய வேங்கடகிருஷ்ண முதலியார், இராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்து வந்தார். அவரே தீட்சிதரின் புதல்வர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார் என்பர். முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்ததும், தம்பி பாலுசுவாமி பிடில் வாத்தியத்தைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்ததும் இவ்வுறவின் பயன்கள். அடையாற்றின் வடகரையில் ஜேம்ஸ் பிராடி என்பவர் கட்டிய ‘பிராடி கோட்டை’யில் அரசாங்க இசைக் கல்லூரி அமைந்ததையும் நேயர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும்.

திறந்தவெளியில் இசை நாடகம் நடத்துவது மட்டும் தோட்டக்காரத் துரைமார்கள் நமக்குக் கற்றுத்தந்ததன்று. தஞ்சைப் பெரிய கோவிலின் திருச்சுற்றில், இரண்டாம் சரபோஜி மன்னர்மேல் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைக் கோவில் நடன மாதர் ஆடிவந்தனர். அதற்கென்றே குறவஞ்சி மேடை ஒன்று அங்கு இருந்தது. மேலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே, இரவெல்லாம் பாகவத மேளா நாடகம் நடைபெறும். பெண் வேடமும் ஆண்களே தரிப்பார்கள். மூர்த்தியும் மக்களோடு வீதியில் இருந்து நாடகம் பார்ப்பதாக மரபு. தெருக்கூத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே, வானமே கூரையாக ஆடுவதும் பாடுவதும் நமக்குப் பழக்கமானவை. அடையாற்றில் நிகழ்ந்த புதுமை வேறு. அது மேடையைப் பற்றியதன்று. மேடைக்கு வந்தவரைப் பற்றியது. அவரைக் காண வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றியது.

இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முதற் பகுதியில் சதிர் என்று வழங்கிய ஆட்டம் சென்னையில் மிகவும் தாழ்ந்த நிலையை அடைந்திருந்தது. ஆட்டத்தைத் தாழ்த்தியவர்கள் ஆடினவர்கள் அல்லர். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நியாயமான காரணங்களோடு போராடினார். ஆட்டத்தையாவது காப்பாற்ற வேண்டுமென்று ஈ. கிருஷ்ண ஐயர் வாதாடினார். 1932-இல் இருவரும் பத்திரிகைகளில் நடத்திய விவாதம் பிரசித்தமானது. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. வழக்கத்தில் சிக்கியிருந்த பெண்களின் ஜீவனம் என்னவாகும் என்ற கேள்விக்குத்தான் இருபுறத்தும் போதுமான விடை இல்லை.

இந்தச் சமயத்தில் கதைக்குள் வருகிறார் ருக்மிணி தேவி. 1904-இல் மதுரையில் பிறந்தவர். தந்தையார் நீலகண்ட சாஸ்திரிகள் பிரம்மஞான சங்கத்தில் ஈடுபட்டு அடையாற்றில் குடியேறியவர். 1920-இல், தமக்கு வயது பதினாறு நிறைந்திருந்தபோது, சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்து சென்னைச் சமூகத்தையே கலக்கினார். 1928-இல் பம்பாய்க்கு வந்து ஆடிய ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் நிகழ்ச்சியைத் தம்பதிகள் கண்டார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் அவரோடு ஒன்றாகப் பிரயாணம் செய்யும் வாய்ப்பும் கிடைத்தது. பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நார்டி என்பவரிடம் ருக்மிணி தேவி மேனாட்டு பாலே நடனம் பயின்றார். சொந்த நாட்டுக் கலையையும் தேடிப் பார்க்கும்படி பாவ்லோவாவே தூண்டினார் என்று சொல்லுவதுண்டு.

தேடியது கண்முன்னே வந்தது 1933-ஆம் ஆண்டின் முதல் நாளில். சென்னை சங்கீத வித்வத் சபையில் அன்று ஆடியவர்கள் கல்யாணியின் புதல்வியரான ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சிஷ்யைகள். பார்த்தவர் திகைத்துப் போனார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம் தொடங்கினார். வயது அப்போது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. குழந்தைப் பருவத்தில் தொடங்கி ஆண்டுக் கணக்கில் அடவு பயிலும் கலைக்கு அது மிகவும் தாமதமான வயது.

1935-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் பிரம்மஞான சங்கத்தின் வைரவிழா மகாநாடு அடையாற்றில் கூடிற்று. அம்மகாநாட்டின்போது, தோட்டத்தில் திறந்தவெளியில் அமைத்த மேடையில், சங்கத் தலைவரின் மனைவியாகிய ருக்மிணி தேவி ஆடினார். பல தேசங்களிலிருந்தும் வந்திருந்த பிரதிநிதிகளும், சென்னை நகரத்துப் பெரியோர் பலரும் பார்த்தார்கள். சதிர் பார்ப்பதை வெளியே சொல்லிக்கொள்ளக் கூசிய குடும்பத்தார், தோட்டத்தில் நடக்கிறது என்பதனால் துணிந்து வந்தார்கள். கோவிலில் ஆடினால் பொட்டுக்கட்டியவர் ஆட்டம். செல்வர் வீட்டுக் கலியாணத்தில் ஆடினால் கேளிக்கை. தோட்டத்தில், ஒரு ஞான சபையின் விழாவில், உயர்குலத்துப் பெண்மணி ஆடினால் கலை. ஆட்டம் ஒன்றுதான்; இடம் மாறிற்று, பெயரும் மாறிற்று. பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றதும் ஏறக்குறைய இந்த ஆண்டுகளில்தான்.

திறந்த வெளிக்கு உரிய சங்கடங்கள் சில உண்டு. அவற்றில் தலையாயது ஒலி. சுவர் இருந்தால் குரல் மோதித் திரும்பி வரும். தோட்டத்தில் அது மரங்களுக்கிடையே கரைந்து போகும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்து, வீதிக்கு நாகசுரமும் தவிலும், அறைக்கு வீணையும் என்று வகுத்து வைத்தார்கள். சதிருக்கு வாசித்த சின்ன மேளத்தாரிடம் முகவீணையும், பிற்காலத்தில் கிளாரினெட்டும் இருந்தன. அவை கூட்டத்தின் இரைச்சலையும் தாண்டிச் செல்லும் வாத்தியங்கள். மேளக்காரர்கள் ஆடுபவளின் பின்னாலேயே நின்று, அவள் முன்னே போனால் தாங்களும் போய், பின்னே வந்தால் தாங்களும் வருவார்கள். புதிய மேடையில் இவையெல்லாம் மாறின. வாத்தியக்காரர்கள் ஒருபுறமாக அமர்ந்தார்கள். கிளாரினெட்டுக்குப் பதிலாகப் பிடிலும் புல்லாங்குழலும் வந்தன. அலெக்ஸ் எல்மோர், கான்ராட் வோல்ட்ரிங் முதலிய மேனாட்டு அன்பர்கள் மேடை ஒளியமைப்பிலும் காட்சியமைப்பிலும் துணைபுரிந்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே வெளிச்சத்தில் இருந்தனர். மின்விளக்கு வந்தபின் ஆடுபவர் ஒளியிலும் பார்ப்பவர் இருளிலும் ஆயினர். பார்ப்பவர் வெற்றிலை போட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த காலம் அதோடு போயிற்று என்றே சொல்லலாம். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

ஒரு சுவையான ஒற்றுமை. அடையாற்று நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 1934-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி, இங்கிலாந்தில் சசெக்ஸ் மாகாணத்தில் கிளைண்ட்போர்ன் என்னும் பழைய மாளிகைத் தோட்டத்தில் ஜான் கிறிஸ்டி என்ற நிலச்சுவான்தார் மோசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ என்னும் ஆப்பராவை அரங்கேற்றினார். பாடகியான தம் மனைவி ஆட்ரி மில்ட்மேயின் யோசனையையும் கேட்டு, வீட்டை ஒட்டி முந்நூறு பேர் அமரக்கூடிய அரங்கத்தைச் சொந்தச் செலவில் கட்டினார். இரசிகர்கள் லண்டனிலிருந்து மாலை விருந்துக்குரிய உடையில் ரயிலேறி வருவார்கள். நெடிய இடைவேளையில் புல்வெளியில் அமர்ந்து உணவருந்துவார்கள். இதைப் பார்த்துப் பின்னால் பலர் தோட்டத்து ஆப்பரா நடத்தினார்கள். ஆக்ஸ்போர்டுக்கு அருகில் கார்சிங்டன் மாளிகையின் தோட்டத்தில் லெனர்டு இங்கிராம்ஸ் என்பவர் 1989-இல் தொடங்கியது முழுத் திறந்தவெளி மேடை. அங்கே அயலார்களில் சிலருக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. நிகழ்ச்சி நடக்கும்போது புல் வெட்டும் யந்திரங்களை ஓடவிட்டார்கள் என்பது பிரசித்தம். அவர் 2005-இல் காலமானார். 2011-இல் அந்த ஆப்பரா வேறொரு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. பிறர் தோட்டத்தில் குடியிருக்கும் கலைக்கு இது விதி போலும். அடையாற்றுக்கும் அதுவே நேர்ந்தது.

1936-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி ருக்மிணி தேவியும், அருண்டேலும், ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் முதலியோரும் கூடிச் சர்வதேசக் கலைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள்; அதுவே பின்னர் கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் கட்டடம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை, மரத்தடிதான் வகுப்பறை. அத்தோட்டத்தின் ஆலமரம் உலகப் பிரசித்தமானது. அதன் விழுதுகளுக்கு நடுவே சங்கத்தின் பெருங்கூட்டங்கள் நடைபெற்று வந்தன. 1989-இல் புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் தாங்கள் மரமாகி நிற்கின்றன.

அங்கே வந்து பாடம் சொன்ன வித்துவான்களின் பெயர்களைச் சொன்னாலே கேட்பவர்களுக்குப் பெருமிதம் உண்டாகும். டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், வீணை கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் மைசூர் வாசுதேவாச்சாரியார். 1944-இல் முதல் நாட்டிய நாடகம் அரங்கேறிற்று. கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார், குறவஞ்சி மரபை நன்கறிந்த காரைக்கால் சாரதாம்பாள் அம்மாளின் துணையும் இருந்தது. எடுத்துக்கொண்ட நூல் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி.

அக்கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நலம். குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொண்டு வாடுகிறாள். அப்போது கூடையும் மாத்திரைக்கோலுமாக ஒரு குறத்தி வருகிறாள். தன் மலை வளத்தைப் பாடுகிறாள், கைபார்த்துக் குறி சொல்லுகிறாள், பரிசு பெறுகிறாள். பிறகு அவளைத் தேடிக்கொண்டு அவள் கணவன் சிங்கன் வருகிறான். கதையின் முற்பாதிக்கு வசந்தவல்லி நாயகி. குறத்தி உள்ளே அடியெடுத்து வைத்ததுமுதல் நாடகமே அவளுடையதாகிவிடுகிறது. வெளியிலிருந்து வந்தவள், ஊரூராய்த் திரிபவள், சீமாட்டியின் கையைப் பிடித்துப் பார்த்து அவளுக்குத் தெரியாததைச் சொல்லுகிறாள்.

அடையாற்றுத் தோட்டத்துக்குள்ளும் வெளியிலிருந்து பலர் வந்தார்கள், வந்து கற்பித்தார்கள். கௌரி அம்மாள் மயிலைக் கபாலீச்சுரர் சந்நிதியில் ஆடிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். கோவில் சேவை நின்றபின் அவர் வாழ்வு வறுமையில் கழிந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர் மருமகர் சொக்கலிங்கம் பிள்ளையும் சிலகாலம் இருந்து கற்பித்தார்கள். 1943-இல் சொக்கலிங்கம் பிள்ளை விலகிச் சென்றபின் நட்டுவாங்கத் தாளமும் அங்கேயே பயின்றவர்களின் கைக்கு வந்தது. கலை கைமாறிற்று, சாதி மாறிற்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியபோது, மேடை நடனம் உயர்குலத்துப் பெண்களுக்குப் பெருமை தருவதாக ஆகிவிட்டிருந்தது. அதை நூற்றாண்டுகளாகக் காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் தங்கள் பிறப்பையே மறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாலசரஸ்வதி ஒருவர்தாம் எதையும் மறைக்காமல், எவருடைய தோட்டத்தையும் நாடாமல், சிருங்காரத்தில் இழுக்கொன்றும் இல்லை என்று கடைசிவரை வாதாடிக்கொண்டே ஆடினார்.

தோட்டம் இல்லாவிடில் கலையே அழிந்திருக்கும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். தோட்டம் கலையைப் பறித்துக்கொண்டது என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். முதற் கூற்றில் மிகை உண்டு. பந்தநல்லூரிலும் திருவிடைமருதூரிலும் திருவாளப்புத்தூரிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடமிருந்துதானே தோட்டத்தாரும் கற்றார்கள்? இரண்டாவது கூற்றிலும் மிகை உண்டு. ருக்மிணி தேவி அந்தக் குருமார்களைத் தேடிச் சென்று, மரியாதையோடு அழைத்து வந்து, அவர்கள் காலடியில் இருந்து கற்றவர். சென்னை நகரம் அவர்களைத் திரும்பியும் பாராதிருந்த நாளில் அதைச் செய்தவர். ஆனால் ஆசானை உள்ளே அழைத்த தோட்டம், ஆசான் வீட்டுப் பெண்ணை அதே வேகத்தோடு மேடைக்கு அழைக்கவில்லை என்பது எம் கருத்து. இதை அவருடைய பெருமைக்குக் குறைவாக நாம் சொல்லவில்லை.

1945-இல் அருண்டேல் காலமானார். சங்கத்தின் தலைமை மாறிற்று. கலாக்ஷேத்திரம் தனக்கென்று இடம் தேடிக்கொள்ள நேர்ந்தது. திருவான்மியூர்க் கடலோரத்தில் சுமார் நூறு ஏக்கர் மணல் வெளி கிடைத்தது. மரங்கள் நட்டு வளர்த்தார்கள். 1962-ஐ ஒட்டி அங்கே குடிபெயர்ந்தார்கள். ஹடில்ஸ்டன் துரையின் நிழல் இல்லாத இடம் அது. நிழலையும் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இராமாயணம் முழுவதையும் ஆறு நாட்டிய நாடகங்களாக அமைக்கும் பணி 1955-இல் தொடங்கி 1970-இல் முடிந்தது. வாசுதேவாச்சாரியார் 1961-இல் மறைந்தபின் அவர் பேரர் ராஜாராம் இசையை நிறைவு செய்தார். பின்னாளில் கேரளத்துக் கூத்தம்பலத்தை ஒட்டிய அரங்கம் ஒன்றும் எழுந்தது. திறந்தவெளிக்குக் கூரை வந்தது. ருக்மிணி தேவி 1986-இல் காலமானார். 1993-இல் பாராளுமன்றச் சட்டத்தினால் கலாக்ஷேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று.

இப்போது மாட்டுங்காவுக்கு வருவோம். அருண்டேல் மறைந்த அதே 1945-ஆம் ஆண்டில், திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் பம்பாய் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலாமந்திரத்தை நிறுவினார்கள். குப்பையா பிள்ளை தஞ்சை மண்ணின் நட்டுவனார் மரபில் வந்த பெரியவர். அவருடைய மருமகர் கோவிந்தராஜ பிள்ளையும், மகள் கருணாம்பாளும், மகன் மகாலிங்கம் பிள்ளையும் பம்பாயிலேயே தங்கிக் கற்பித்தார்கள். இங்கே தோட்டம் இல்லை. ஆலமரம் இல்லை. நகர அபிவிருத்தி டிரஸ்டார் கோடு கிழித்தாற்போல் வகுத்த தெருக்களும், மாடிக் கட்டடங்களும், கீழே காப்பிக் கிளப்பும், பூக்கடையும், டிராம் வண்டியின் ஓசையுமே இருந்தன. தமிழ்ப் பெண்களோடு குஜராத்திப் பெண்களும் மராத்தியப் பெண்களும் வந்து பயின்றார்கள். ஆனால் அடையாற்றுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை இருந்தது. இங்கே நட்டுவனார் வீடே கலாசாலை. கற்பித்தவரும் அவர், நடத்தியவரும் அவர். அவ்வீட்டுப் பெண்ணும் ஆசிரியை. தஞ்சை மாவட்டத்தில் தலைநிமிர்ந்து செய்ய முடியாததை, ஆயிரம் மைல் தள்ளி வந்து, பிறப்பை விசாரிக்க நேரமில்லாத ஒரு நகரத்தில் அவர்கள் செய்தார்கள். 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபையும், 1963-இல் அது எழுப்பிய பெரிய அரங்கமும் எல்லோரும் அறிந்தவை. இந்த மாடி வகுப்புகளைப் பற்றிப் பேசுவோர் அவ்வளவு அதிகமில்லை.

தாராவியைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அங்கு வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர். குற்றாலம் அவர்களுக்கு ஏட்டில் உள்ள ஊரன்று. பாட்டனும் பாட்டியும் நடந்து போய்க் குளித்த அருவி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், தாராவிச் சந்து ஒன்றில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் பேச்சுவாக்கில் இந்தக் குறவஞ்சிக் கதையையும், அது அடையாற்றில் அரங்கேறிய விவரத்தையும் சொன்னோம். செங்கோட்டைப் பக்கத்துக்காரர் அவர். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தவல்லியையோ, தோட்டத்தையோ, மின்விளக்கையோ பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அம்புட்டும் சரி, தம்பி. குறி சொன்னாளே, அந்தக் கொறத்திக்கு என்ன கூலி குடுத்தாவ?” என்றார்.

நூலில் விடை இருக்கிறது, ஆச்சி, என்றோம். காலுக்குச் சிலம்பும் தண்டையும், இடைக்குச் சேலையும், கழுத்துக்கு நகையுமாகக் குறத்தி வாங்கிக்கொண்டு போகிறாள். அதைக் கண்ட சிங்கன், இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாய்க் கேட்கிறான். அவளும் சளைக்காமல், எந்த ஊரில் யார் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். ஆச்சி ஒரு முறுக்கை எண்ணெயில் திருப்பிவிட்டுச் சிரித்தார். பிறகு, அந்த நாடகத்தில் குறத்தியாக ஆடிய பெண் எந்த ஊர்க்காரி என்று கேட்டார்.